பூச்சியத்தால் வகுத்தல்

காலை ஆறரைக்கு வாகனம் வரும்.
அம்பகாமக் காட்டோரம் இறங்கினால்
ஒரு மீற்றர் அகலம் எனக்கு,
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள்.
கருவி கத்தினால் முழங்காலில் இருந்து
சுரண்டிச் சுரண்டிப் போகவேண்டும்.
பத்தில் ஒன்பது கூரை ஆணி,
ரவைக்கோது, சருவச்சட்டியின் காது.
பத்தாவது எதுவென்று நிலம் சொல்லாது.
ஆகையால் ஒன்பதையும் பத்தாவதாகவே தோண்டுவோம்.

இரவு ஒன்பதுக்கு மற்ற வேலை.
கிளிநொச்சியில் கட்டுக்காசுக்கு எடுத்த
பழைய மடிக்கணினி.
முக்காற்புள்ளி விழாது, நெரித்து அமத்தவேண்டும்.
பிள்ளை படுத்தபிறகு
போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்
இரண்டு கோடு சிக்னல்.
படிக்கிறது பைதன்.
"வெங்கிணாந்தியைப் போய் ஆரும் படிப்பாங்களோ?"
சுகிர்தமலர் கேட்டாள்.
வாகனம் முழுக்கச் சிரித்தது, நானும்தான்.

முதல் கிழமை நல்லாய்ப் போனது.
பெயர் கேட்டது, சொன்னேன்.
வணக்கம் யோகதர்சினி என்றது.
அதற்கே நித்திரை வரவில்லை.
இரண்டாம் மாதம் முழுக்கச் சிவப்பு.
ஏழாம் வரியில் பிழை,
ஏழைத் திருத்தினால் பதினொன்றில்.
நாலு இடைவெளி விடுகிற இடத்தில்
மூன்று விட்டேனாம்.
வெறுமைக்கும் கணக்கு வைத்திருக்கிற ஒன்றோடு
என்ன கதைக்கிறது?
மூடி அரிசிப் பைக்குப் பின்னால் வைத்தேன்.
பத்தொன்பது நாள்.

திரும்ப எடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை.
கட்டுக்காசுக்காரன் வந்தான்.
காசு கட்டுகிற சாமான் சும்மா கிடக்கிறதே என்று
துடைத்துத் திறந்தேன், அவ்வளவுதான்.

அன்றிரவு ஒலுமடு வயல் பக்கம் யானை வெடி.
கை அப்படியே நின்றுவிட்டது விசைகளுக்கு மேல்.
பிள்ளை ஒருக்கா அசைந்து படுத்தான்.
திரையில் வழக்கமான சிவப்பு வரி.
அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் பட்டது:
பிழையில் மிதித்திருக்கிறேன்,
இரண்டு காலோடும் கதிரையில் இருக்கிறேன்.
எந்த வரி என்றும் அதுவே சொல்கிறது.
பிறகு வேண்டுமென்றே பிழை விட்டேன்.
அடைப்பைத் திறந்து மூடாமல் விட்டேன்,
இல்லாத பெயரைக் கூப்பிட்டேன்,
முக்காற்புள்ளியை முழுக்க அழித்தேன்.
ஒன்றும் வெடிக்கவில்லை.
விடிய ஒரு மணிவரை விளையாடினேன்.

மாசத்துக்குப் பிறகு பதினெட்டு வரி எழுதினேன்.
எங்கள் பகுதியில் மிச்சம் எத்தனை சதுர மீற்றர்,
ஒரு நாளில் எவ்வளவு துப்புரவாகுது,
வகுத்தால் எத்தனை நாள்.
இருநூற்று எண்பத்தாறு என்றது.
கொப்பியில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்,
பிழைக்கவேண்டும் என்றே போட்டேன்.
சரி.
சரியாக வந்த என் முதல் விடை
எங்களுக்கு வேலை முடிகிற நாள்.

வாகனத்துக்குள் காட்டினேன்.
சுகிர்தமலர் சிரிக்கவில்லை.
கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள்
மாங்குளம் சந்தியில்,
"இதைப் படிக்க எத்தினை மாசம் செல்லும்?" என்றாள்.

கார்த்திகை மழை கொட்டியது. வாகனம் வரவில்லை.
அன்றைய அளவுக்குப் பூச்சியம் போட்டேன்,
விழுந்து போனது நிரல்.
பூச்சியத்தால் வகுக்க ஏலாதாம்.
ஒன்றும் செய்யாத நாளுக்கு
இடம் வைக்க மறந்திருக்கிறேன்.
இரண்டு வரி சேர்த்தேன்:
இன்று பூச்சியம் என்றால்
நேற்றைய கணக்கோடு நில்.
ஓடியது.
அரிசிப் பையை ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.

பின்னேரம் மழைக்குள்ளால் சுகிர்தமலர் வந்தாள்,
பொலித்தீனில் சுற்றின கொப்பியோடு.
தலையைத் துடைக்க முதலே இருந்துவிட்டாள்.
முதல் வரியிலேயே சிவப்பு.
கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"அதை நெரித்து அமத்தவேணும்" என்றேன்,
"பயப்பிடாதை."